உயர்த்தும் முன் அடியில் குனிந்து பாருங்கள்

கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில் நாற்பது கார்கள் நிற்கும். அதில் ஒன்று, சேறு அப்பிய டயரோடு மற்றவற்றைவிட ஒரு முழம் உயரமாக நிற்கும் பிக்கப்பாக இருந்தால் போதும். நம் பையன்கள் பந்தியை மறந்துவிட்டு அதைச் சுற்றி நிற்பார்கள். "எத்தனை இன்ச் லிஃப்ட், பாஸ்?" இதுதான் முதல் கேள்வி. "பிரேக் எப்படிப் பிடிக்குது?" என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

வானொலியில் மழைக்காலச் சாலைகள் பற்றிப் பேசினாலும் இதே கதைதான். நிகழ்ச்சி முடிவதற்குள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் வந்து விழும். அக்கா, லாக்கர் போடலாமா? அக்கா, ஹாஃப் கட் கடையில் ஆக்சில் வாங்கினால் தாங்குமா? இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவது நியாயமில்லை என்பதால் இந்த வாரப் பக்கத்தை இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

நான் மெக்கானிக் இல்லை. ஊடகத் துறையில் பட்டம் வாங்கி மைக் முன்னால் உட்கார்ந்திருப்பவள். ஆனால் பள்ளி விடுமுறைகளை எல்லாம் கேமரன் மலையில் தாத்தாவின் காய்கறித் தோட்டத்தில் கழித்தவள். அங்கே பழைய லேண்ட் ரோவர் என்பது வீட்டு மாடு மாதிரி. அதன் நோய் நொடி எல்லாம் வீட்டில் உள்ள எல்லாருக்கும் தெரியும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிமேல் எனக்கு ஆசை வந்தது அங்கேதான்.

வண்டி என்ன வேலை செய்கிறது?

சித்தப்பா இன்னும் அங்கேதான் தோட்டம் வைத்திருக்கிறார். அவர் மகன், என் தம்பி, இந்த வருடம் ஒரு பழைய ஃபோர் பை ஃபோர் பிக்கப் வாங்கினான். கையில் 12,000 வெள்ளி சேமிப்பு வேறு. வண்டி வந்த வாரமே எனக்குப் பட்டியல் அனுப்பினான். நாலு இன்ச் லிஃப்ட், பெரிய டயர், முன்னும் பின்னும் லாக்கர், அப்புறம் "வலுவான" ஆக்சில்.

சித்தப்பா ஒரே வரியில் முடித்தார். "கோஸ் ஏத்துற வண்டிக்கு எதுக்குடா அலங்காரம்?" அதன்பிறகு இரண்டு வாரம் அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சில்லை. சித்திதான் என்னை அழைத்து, "நீ சொன்னா கேப்பான்மா" என்றார்.

நான் அவனிடம் பாகங்களைப் பற்றி எதுவும் பேசவில்லை. வழக்கமாக ஒரு வாரம் அந்த வண்டி என்ன செய்கிறது என்று மட்டும் எழுதச் சொன்னேன். எழுதினான். வாரத்தில் நாலு நாள் கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாய் பாதையில் ஈப்போவுக்கு இறங்குவது. தினமும் தோட்டத்துக்குள் ஒரு கிலோமீட்டர் சேற்றுப் பாதை. மாதம் ஒரு முறை சித்தியை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது. எப்போதாவது நண்பர்களோடு காட்டுப் பாதை.

இந்தப் பட்டியலைப் பாருங்கள். உயிர் சம்பந்தப்பட்ட இடம் அந்தச் சேறு இல்லை. சேற்றில் மாட்டினால் ஒரு மணி நேரம் போகும், சட்டை அழுக்காகும். சுமையோடு மலை இறங்கும்போது வண்டி கட்டுப்படாவிட்டால்தான் ஆபத்து. ஆக, பாகம் தேர்ந்தெடுப்பதும் அந்த இறக்கத்தில் தொடங்க வேண்டும்.

ஸ்பிரிங்: இருக்கும் சுமைக்கு, கனவுச் சுமைக்கு அல்ல

பிக்கப்பின் பின்பக்கம் பெரும்பாலும் பட்டை ஸ்பிரிங்தான். ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள். கடைகளில் இவற்றைச் சுமைக் கணக்கில் விற்பார்கள். காலி வண்டிக்கு ஒன்று, எப்போதும் 300 கிலோ ஏற்றுபவருக்கு ஒன்று, 500 கிலோவுக்கு ஒன்று என்று. "இருக்கட்டும், கனமானதே போடுவோம்" என்று 500 கிலோ ஸ்பிரிங்கைக் காலி வண்டியில் மாட்டினால், பள்ளத்தில் பின் டயர் துள்ளும். துள்ளும் டயர் தரையைப் பிடிக்காது. ஈர வளைவில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் முதலில் எடை போடுங்கள். வழக்கமான சுமையும் வழக்கமான ஆட்களும் ஏறிய பிறகு, லோரிகளை எடை போடும் மேடையில் முன் சக்கரங்களைத் தனியாகவும் பின் சக்கரங்களைத் தனியாகவும் நிறுத்துங்கள். அந்த இரண்டு எண்கள் கையில் இருந்தால் எந்தக் கடைக்காரரும் உங்களுக்கு ஊகத்தில் எதையும் விற்க முடியாது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கனமான ஸ்பிரிங் போட்டால் வண்டி கீழே உட்காராது, அவ்வளவுதான். தயாரிப்பாளர் குறித்த சுமை வரம்பு அதனால் கூடுவதில்லை. பிரேக்கும் சேசியும் ஆக்சிலும் பழையபடிதானே இருக்கின்றன? வண்டி நிமிர்ந்து நிற்கிறதே என்று மேலும் ஏற்றியவர்களின் சேசி வளைந்திருக்கிறது.

அப்சார்பர் செய்வது வேறு வேலை. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது அப்சார்பர். அடக்கும்போது உள்ளே இருக்கும் எண்ணெய் சூடாகும். கரடுமுரடான பாதையில் நெடுநேரம் ஓடினால் எண்ணெய் நுரைத்து அப்சார்பர் தளர்ந்துவிடும். இதைக் குறைக்கத்தான் நைட்ரஜன் வாயு அடைத்த அப்சார்பர்கள் வந்தன. தனி எண்ணெய்க் குடுவை தொங்கும் விலையுயர்ந்த ரகம் நாள் முழுவதும் காட்டுப் பாதையில் வேகமாக ஓடுபவர்களுக்கு. தோட்டத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் போய்வரும் குடும்ப வண்டிக்கு ஸ்பிரிங்குக்குப் பொருத்தமான நல்ல வாயு அப்சார்பர் போதும்.

உயரம் என்கிற மயக்கம்

தம்பி உட்படப் பலரும் வியக்கும் ஒரு செய்தி. ஸ்பிரிங்கால் வண்டியை இரண்டு இன்ச் உயர்த்தினாலும் நாலு இன்ச் உயர்த்தினாலும், பின் ஆக்சிலின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃப் பெட்டி தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. உயர்வது உடல்தான். ஆக்சில் சக்கரத்தோடு சேர்ந்தது. அதை உயர்த்தப் பெரிய டயரால் மட்டுமே முடியும். கல்லில் முதலில் இடிப்பதோ அந்த உருண்டைதான்.

டயர் கணக்கைப் பார்ப்போம். 265/65 ஆர் 17 டயரின் விட்டம் ஏறக்குறைய 776 மில்லிமீட்டர். 285/70 ஆர் 17 என்றால் ஏறக்குறைய 831. வித்தியாசம் 55. அதில் பாதி, 27 மில்லிமீட்டர்தான் ஆக்சிலுக்குக் கிடைக்கும் உயரம். அதற்கு விலை? சக்கரம் 7 விழுக்காடு பெரிதாகிவிட்டது. மீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட 7 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். மலையேறும்போது கியர் நீண்டுவிட்டதுபோல் இன்ஜின் முனகும். இறங்கும்போது இன்ஜின் பிடிமானம் குறையும். பிரேக் அதிகம் உழைக்கும்.

லிஃப்டுக்கும் விலை உண்டு. இன்றைய பிக்கப்களில் முன் சக்கரங்கள் தனித்தனியாக அசைபவை. முன்பக்கத்தை உயர்த்தினால், சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் இரு முனை மூட்டுகளும் சாய்ந்த நிலையிலேயே சுழல வேண்டிவரும். 40, 50 மில்லிமீட்டர்வரை பெரும்பாலும் சமாளிக்கும். அதற்கு மேல் போனால் மேல் கையை மாற்ற வேண்டும், அலைன்மென்ட் ஒழுங்காக வராது, மூட்டின் ரப்பர் உறை கிழியும். நாலு இன்ச் லிஃப்ட் என்று ஒருவர் விலை சொன்னால், இவையெல்லாம் அந்த விலையில் அடக்கமா என்று கேளுங்கள்.

இனி, பிரேக். பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேசிக்கும் நடுவே ஒரு கம்பியும் ஒரு சிறு வால்வும் இருக்கும். சுமை ஏறிப் பின்பக்கம் இறங்கினால் அந்தக் கம்பி நகர்ந்து, பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வண்டியை உயர்த்திவிட்டு இந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால் என்ன ஆகும்? முழுச் சுமை இருக்கும்போதும் அந்த வால்வு வண்டி காலி என்றே எடுத்துக்கொள்ளும். பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும். சிம்பாங் பூலாய் இறக்கத்தில், பின்னால் கோஸ் மூட்டைகளோடு, இதை நினைத்துப் பாருங்கள். தம்பியிடம் இதைச் சொன்னபோது தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

லாக்கர்: யாருக்கு, எப்போது

லாக்கர் என்றதும் நகை வைக்கும் பெட்டியை நினைக்கும் அத்தைமார்களுக்காக ஒரு சின்ன விளக்கம். வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழி செய்வதுதான் டிஃப். ஆனால் அதற்கு ஒரு பலவீனம். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், நல்ல தரையில் நிற்கும் மற்றதற்கும் அதே அளவு சொற்ப இழுவைதான் போகும். ஒன்று வீணாகச் சுழல, மற்றது சும்மா நிற்கும். இரண்டையும் பூட்டி ஒன்றாகச் சுழல வைப்பதுதான் லாக்கர்.

வேண்டும்போது பூட்டி வேண்டாதபோது திறப்பது ஒரு வகை. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனம் விற்கும் ஏர் லாக்கர் காற்றழுத்தத்தால் பூட்டும். தொழிற்சாலையிலேயே வருபவை பெரும்பாலும் மின்சாரத்தால் பூட்டும். தானாகவே பூட்டித் திறப்பது இன்னொரு வகை. விலை குறைவு, பொத்தான் கிடையாது. ஆனால் அது எப்போது பூட்டும் என்பது உங்கள் கையில் இல்லை. ஈரமான தார்ச்சாலை வளைவில் அது பூட்டினால் வண்டியின் பின்பக்கம் வழுக்கிப் போகலாம். வருடம் முழுக்க மழை பெய்யும் நாட்டில், பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முன் ஆக்சிலில் லாக்கரைப் பூட்டினாலோ ஸ்டீயரிங் திரும்பவே மறுக்கும். நல்ல தரையில் அதைத் தொடவே கூடாது.

அடுத்துதான் சங்கிலிக் கணக்கு வருகிறது. சாதாரண டிஃபில் இரு பக்கத் தண்டுகளும் சுமையைப் பாதிப்பாதியாகப் பகிர்கின்றன. லாக்கர் பூட்டியபின், ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தால், ஆக்சிலின் முழுத் திருகு விசையும் மற்றொரு தண்டின் மேல் விழும். இரட்டிப்புச் சுமை. அதோடு பெரிய டயரும் சேர்ந்தால் நெம்புகோல் நீளுகிறது. அதனால்தான் லாக்கர் போட்டவர்கள் அடுத்துத் தண்டு உடைந்து பட்டறைக்கு வருகிறார்கள். வலுவான தண்டு போட்டால் உடைவது டிஃபின் பல்லுக்குப் போகும். ஒரு பாகத்தை வலுவாக்கும்போது பலவீனம் மறைவதில்லை. பக்கத்துப் பாகத்துக்குக் குடிபெயர்கிறது.

சரி, தம்பிக்கு என்ன வழி? "டாஷ்போர்டில் பின் டிஃப் பூட்டும் பொத்தான் இருக்கா பார்" என்றேன். இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதை அவன் அழுத்தியதே இல்லை! ஹைலக்ஸ், ட்ரைட்டன், ரேஞ்சர் என்று இங்கே ஓடும் பிக்கப்களின் பல ரகங்களில் அது தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. தோட்டப் பாதைக்கு டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கி, அந்தப் பொத்தானை அழுத்தி, மெதுவாகப் போகச் சொன்னேன். வண்டி ஏறிவிட்டது. தார்ச்சாலைக்கு வரும் முன் பொத்தானை விடுவித்து, காற்றையும் மறுபடி நிரப்ப வேண்டும். இதற்கு ஆன செலவு, காற்றடிக்கும் சிறு இயந்திரம் ஒன்று.

ஆக்சில்: உடைந்தால் சக்கரம் என்ன ஆகும்?

தாத்தாவின் லேண்ட் ரோவரில் இருக்கைக்கு அடியில் எப்போதும் ஓர் உதிரித் தண்டு கிடக்கும். பழைய லேண்ட் ரோவர்களின் பின் ஆக்சில் தண்டு உடைவது ஊரறிந்த சங்கதி. ஆனால் அதற்காக யாரும் பதறியதில்லை. அந்த ஆக்சிலில் வண்டியின் எடையைத் தாங்குவது வெளிக்குழாயும் பேரிங்கும். தண்டு வெறுமனே சுழற்றும். தண்டு உடைந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. ஆறு போல்ட்டைக் கழற்றி, உடைந்ததை உருவிவிட்டு, முன் சக்கர இழுவையில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

நாம் சாலையில் பார்க்கும் பெரும்பாலான பிக்கப்களில் பின் சக்கரம் தண்டின் முனையிலேயே மாட்டியிருக்கிறது. தண்டு சுழற்றவும் வேண்டும், எடையைத் தாங்கவும் வேண்டும். வெளிமுனையில் உடைந்தால் சக்கரமே கழன்று போகலாம். சாதாரணப் பயன்பாட்டுக்கு இந்த அமைப்பு நன்றாகவே உழைக்கிறது. ஆனால் வரம்பு மீறிய சுமை, பெரிய டயர், லாக்கர் மூன்றையும் அதன் தலையில் ஏற்றும் முன் இதை நினைக்க வேண்டும். ஆக்சில் வாங்கப் போகும்போது "எவ்வளவு வலு?" என்று கேட்பதோடு, "உடைந்தால் என்ன ஆகும்?" என்றும் கேளுங்கள்.

ஹாஃப் கட் கடையில் வாங்குவதாக இருந்தால் ஒரு சோதனை. டிஃபின் பல் விகிதம் முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னால் 4.1, பின்னால் 3.9 என்று மாட்டிவிட்டு நாலு சக்கர இழுவையைப் போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி எதையாவது உடைக்கும். கழற்றிப் போட்டிருக்கும் ஆக்சிலின் இரு சக்கர முனைகளையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். நடுவில் தண்டு இணையும் முனை எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். நாலு சுற்றும் கொஞ்சமும் என்றால் 4.1. நாலுக்குச் சற்றுக் குறைந்தால் 3.9. கடைக்காரர் முன்னாலேயே செய்யுங்கள், தவறாக நினைக்க மாட்டார்.

இதெல்லாம் கேட்டுவிட்டு, பெரிய வண்டி வைத்திருப்பவர்களை நான் கிண்டல் செய்வதாக நினைக்க வேண்டாம். 1997 முதல் மழைக்காலத்தில் நம் காடுகளில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டிக்கு லாக்கரும் வின்ச்சும் இல்லாமல் போக முடியாது. 2014 டிசம்பரில் கிளந்தான் வெள்ளத்தில் மூழ்கியபோது, உணவுப் பொட்டலங்களோடு முதலில் உள்ளே நுழைந்தவர்களில் ஃபோர் பை ஃபோர் நண்பர்களும் உண்டு. அவர்கள் வண்டிகள் அந்த வேலைக்குக் கட்டப்பட்டவை. உங்கள் வண்டி உங்கள் வேலைக்குக் கட்டப்பட வேண்டும்.

வெள்ளம் என்றதும் ஒரு சின்னச் செலவு ஞாபகம் வருகிறது. ஆக்சிலின் மேல் ஒரு மூச்சுக் குழாய் இருக்கும். ஓடிச் சூடான டிஃப், குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, கிடைத்த வழியில் தண்ணீரை உறிஞ்சும். ஒரு நீண்ட ரப்பர் குழாயை மாட்டி அதன் வாயை இன்ஜின் அறையின் மேல்பகுதிவரை கொண்டுபோனால் தீர்ந்தது. ஆழமான நீரைக் கடந்தபின் டிஃப் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் உடனே மாற்றுங்கள்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். வாகன அமைப்பை மாற்ற ஜேபிஜேயின் முன் அனுமதியும் பரிசோதனையும் தேவைப்படலாம். பட்டறையில் முன்பணம் கட்டும் முன் எந்த மாற்றத்துக்கு என்ன தாள் வேண்டும் என்று கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு நடக்கும் வாதத்தில் அந்த ஒரு கடிதம்தான் பேசும்.

தம்பி கடைசியில் என்ன செய்தான்? எடை போட்டு, 300 கிலோவுக்கான பின் ஸ்பிரிங், நாலு அப்சார்பர், 40 மில்லிமீட்டர் உயர்வு. டயர் அதே அளவில், சேற்றுக்கும் சாலைக்கும் பொதுவான ரகம். பிரேக் வால்வு சரிசெய்தல், அலைன்மென்ட், மூச்சுக் குழாய். மீதிப் பணத்தில் புது பிரேக் கட்டைகளும் எண்ணெயும். அதற்குப் பிறகும் கையில் கொஞ்சம் மிச்சம். லாக்கர், ஆக்சில் இரண்டும் பட்டியலிலிருந்து தாமாகவே கழன்றன. சித்தப்பா முதல் சுமையோடு ஈப்போ போய்வந்து, "பிரேக் நல்லா பிடிக்குதுடா" என்றாராம். இரண்டு வாரத்தில் அவர் மகனிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான் என்று சித்தி சொன்னார்.

இந்த ஞாயிறு உங்களுக்கும் ஒரு வேலை. ஓர் அட்டையும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு, இன்ஜின் ஆறியபின், சமதரையில் நிறுத்திய வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள். அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா? ஸ்பிரிங் பட்டைகளில் விரிசல் உண்டா? ரப்பர் உறைகள் கிழிந்திருக்கின்றனவா? டிஃப் பெட்டி ஈரமாக இருக்கிறதா? பின் பிரேக் கம்பி எங்கே இருக்கிறது? ஐந்துக்கும் பதில் எழுதிக்கொண்டு உங்கள் ஃபோர்மேனிடம் போங்கள். எத்தனை இன்ச் ஏற்றலாம் என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.

அடுத்த வாரம், பிக்கப்பின் பின் இருக்கையில் குழந்தை இருக்கையை எப்படிப் பொருத்துவது என்று பார்ப்போம். அதுவரை, காற்றலையில் சந்திப்போம்.